பஞ்சாங்கம் பெரிதா? வானம் பெரிதா?

(தூத்துக்குடிப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



வானத்தில் சனி ஒன்றுதான். ஆனால் நம் பஞ்சாங்கங்களிலோ இரண்டு சனி! திருக்கணிதப்படி சனி மீன ராசிக்குப் போனது 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச். திருநள்ளாறு கோயிலார் வாக்கியத்தைப் பின்பற்றுவதால், 2025-ல் தங்களுக்குச் சனிப்பெயர்ச்சி இல்லை என்றே அறிவித்தார்கள். ஒரு கிரகம் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் இருக்குமா? பரிகாரத்துக்குக் காசு கொடுக்கும் நீங்கள் இதைக் கேட்க வேண்டாமா?

கணக்கின் மீது நமக்கு விரோதமில்லை. 1825-ல் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் புதுச்சேரியில், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமான வாய்பாட்டைக் கொண்டே அவ்வருஷத்து மே 31 இரவுச் சந்திர கிரகணத்தைக் கணித்தார். வாரன் என்ற வெள்ளைக்காரர் இதை எழுதி வைத்திருக்கிறார். தொடக்கத்தில் பிசகு 4 நிமிஷந்தான். முடிவிலோ 52 நிமிஷம். அவருடைய திறமை அற்பமல்ல. ஆனால் அந்த வாய்பாட்டின் தத்துவம் அவருக்குத் தெரியாது. தத்துவம் தெரியாதவர் பிசகை எப்படித் திருத்துவார்? திருத்தாத பிசகு, இம்மியளவானாலும், நூற்றுக்கணக்கான வருஷத்தில் மலையாகுமல்லவா?

கெப்ளர் என்ன செய்தார்? செவ்வாய்க்கு அவர் பாடுபட்டுப் போட்ட கணக்கு, டைக்கோ பிராகி வானத்தைப் பார்த்து அளந்ததற்கு 8 கலை மாறுபட்டது. அது முழுநிலவின் அகலத்தில் கால்வாசிதான். வானம் தப்பு என்றாரா? இல்லை, தம் கணக்கைத் தூக்கியெறிந்தார். செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்ற உண்மை 1609-ல் வெளிவந்தது. அப்படித் திருந்திய கணக்குதான் 1846-ல், யாரும் அறியாத நெப்டியூன் இருக்குமிடத்தைக் காகிதத்திலேயே காட்டிற்று. தொலைநோக்கியைத் திருப்பினார்கள், இருந்தது!

நம் நாட்டிலும் சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார், பஞ்சாங்கத்தை வானத்தோடு ஒத்துப் பார்த்துத் திருத்த வேண்டுமென்று வாதாடினார். திருத்தியதுதான் திருக்கணிதம். ஆனால் கணிதம் சரியானதால் பலனும் சரியென்று ஆகிவிடாது. ராசி என்பது மனிதன் போட்ட கோடு. சனிக்கு அது தெரியாது.

இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், ஊகத்தை நம்பியா குளிப்பை அறிவித்தார்கள்? பாரிலிருந்து மாதிரிச் சிப்பி எடுத்து, அதிலுள்ள முத்தை மதித்த பிறகல்லவா அறிவித்தார்கள்? கடலுக்குள்ள நியாயம் வானத்துக்கு இல்லையா?

ஆகவே தோழர்களே, அடுத்த சந்திர கிரகணத்தன்று கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள். பெண்டு பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். ஒரு கையில் பஞ்சாங்கம், மறு கையில் கடியாரம். நீங்களே பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.