துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் ஒரே தண்ணியா?

இன்னைக்கு எபிசோட்ல ரெண்டு செடியைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பேசப்போறோம். துளசி, கற்பூரவல்லி. இந்த ரெண்டைப் பத்தியும் அடிக்கடி காதில் விழுற புகார் இதுதான்: "துளசி காஞ்சு போச்சு", "கற்பூரவல்லி அழுகிப் போச்சு". வேடிக்கை என்னன்னா, பல வீட்டுல ரெண்டும் ஒரே பால்கனியில்தான் இருக்கும். ஒரே ஆள், ஒரே மக்கில், ஒரே நேரத்துல தண்ணி ஊத்துவாங்க. ஒண்ணு தாகத்துல போகும், இன்னொண்ணு தண்ணி தாங்காம போகும்.

ஏன் இப்படி? நம்ம மண்டைக்குள்ள ரெண்டுக்கும் ஒரே பேர்தான்: "சளிக்கு நல்ல செடி". பயன் ஒண்ணா தெரியுறதால, வளர்ப்பும் ஒண்ணுதான்னு நினைச்சுடுறோம். அங்கதான் சிக்கல்.

சொந்தம் இருக்கறது உண்மை. ரெண்டுமே புதினா குடும்பம். இளந்தண்டை விரல்ல பிடிச்சு உருட்டிப் பாருங்க, உருண்டையா இருக்காது, நாலு பக்கம் தட்டுப்படும். ரெண்டும் இலையில் எண்ணெய் வெச்சிருக்கும், கசக்கினா வாசனை வரும். ஆனா எண்ணெய் வேற வேற. துளசியில் யூஜெனால் இருக்கு. கிராம்புக்கு அந்த வாசனை கொடுக்கறதும் அதுதான். கற்பூரவல்லியில் கார்வக்ரால், தைமால் இருக்கும். ஓமத்தின் வாசனைக்குக் காரணம் தைமால்தான். அதனாலதான் இந்தச் செடிக்கு ஓமவல்லின்னு இன்னொரு பேர்.

இப்ப இலையைத் தொட்டுப் பாருங்க. துளசி இலை மெல்லிசு. வெயில் பட்டா அதிலிருந்து ஈரம் சீக்கிரம் போயிடும். கற்பூரவல்லி இலை தடிமன், மேல பூனைமுடி மாதிரி ரோமம், உடைச்சா சாறு கசியும். அந்தச் செடி தன் இலையையே தண்ணித் தொட்டியா வெச்சிருக்கு. இன்னைக்கு நான் சொல்ற எல்லாத்துக்கும் அடிப்படை இந்த ஒரே விஷயம்தான்.

முதல்ல தண்ணி. துளசி மண்ணின் மேல்பகுதி, விரல் நகம் அளவுக்குக் காய்ஞ்சா ஊத்துங்க. சென்னை மே மாச வெயிலில் தினமும் காலையில் தேவைப்படும். சின்னத் தொட்டின்னா சாயங்காலமும் ஒருமுறை. கற்பூரவல்லிக்கு விரலை ரெண்டு கணு ஆழம் மண்ணுக்குள்ள விடுங்க. அங்கேயும் காய்ஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க. கோடையில் வாரம் ரெண்டு தடவை போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைக் கூரைக்குக் கீழே நகர்த்துங்க, தண்ணியே வேண்டாம்.

கற்பூரவல்லி தாகத்தில் இருந்தா இலை மெலிஞ்சு தொங்கும். தண்ணி ஊத்தினா ஒரு நாள்ல நிமிர்ந்துடும். ஆனா அடித்தண்டு கறுத்து, கொழகொழன்னு ஆயிடுச்சுன்னா அந்தத் தண்டைக் காப்பாத்த முடியாது. மேல பச்சையா இருக்கற நுனியை வெட்டிப் புதுசா நடுங்க. துளசியிலும் ஒரு எச்சரிக்கை இருக்கு. மண் ஈரமா இருக்கும்போதே செடி வாடினா, அது தாகம் இல்ல, வேர் அழுகல். அப்ப இன்னும் தண்ணி ஊத்தாதீங்க.

மண் கலவையும் ஒண்ணா இருக்கக் கூடாது. துளசிக்குத் தோட்ட மண், மட்கிய உரம், கொஞ்சம் தென்னை நார்க்கழிவு. கற்பூரவல்லிக்கு மூணுல ஒரு பங்கு கரடுமுரடான மணல், இல்லைன்னா உடைச்ச செங்கல் துகள். நார்க்கழிவைக் குறைச்சுக்கோங்க, அது ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும்.

அடுத்து வெயில். துளசிக்கு அஞ்சாறு மணி நேரம் நேரடி வெயில் வேணும். இல்லைன்னா தண்டு நீண்டு, இலை சிறுத்து, ஒல்லியா நிக்கும். கற்பூரவல்லிக்குக் காலை வெயில் மூணு மணி நேரம் போதும். உச்சி வெயில் முழுக்கப் பட்டா இலை சின்னதாகி மஞ்சளடிக்கும். என் வீட்டுல மேற்குப் பார்த்த பால்கனி. கம்பி ஓரத்துல துளசி, அதன் நிழல் விழுற இடத்துல கற்பூரவல்லி. இப்படி வெச்சா ரெண்டுக்கும் சண்டையே இல்ல.

இப்ப ஆயுள். இதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க. தொட்டித் துளசி பெரும்பாலும் ரெண்டு, மூணு வருஷம்தான். கதிர் விட்டு விதை முத்தினா இலை குறையும், தண்டு கட்டையாகும். அதனால கதிர் வர வர நுனியில் கிள்ளி விடுங்க, பக்கக் கிளை வரும். எல்லாத்தையும் கிள்ளிடாதீங்க. ஒண்ணு ரெண்டு கதிரைக் காய விட்டு, உள்ளங்கையில் கசக்கி விதை எடுங்க. விதை பொடிசு. மண் மேல தூவி, லேசா மண் மூடி, தண்ணியைத் தெளிச்சா போதும். ஒண்ணு ரெண்டு வாரத்துல முளைக்கும்.

இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா, துளசி காய்ஞ்சா வீட்டுக்கு ஆகாதுன்னு நம்புற குடும்பங்கள் நிறைய. பழி பெரும்பாலும் வீட்டுப் பெண் மேலதான் விழும். புதுசா வந்த மருமகள்னா சொல்லவே வேண்டாம், "கை ராசி இல்ல" அப்படின்னு ஒரு வார்த்தை போதும், வருஷக் கணக்குல வலிக்கும். துளசி குறைஞ்ச ஆயுள் உள்ள செடி. அதன் காலம் முடிஞ்சா முடியும். யார் கையிலும் எந்தத் தப்பும் இல்ல. பக்கத்துத் தொட்டியில் ஒரு நாற்று எப்பவும் தயாரா இருக்கட்டும், அதுதான் பரிகாரம்.

கற்பூரவல்லிக்கு இந்தக் கவலை இல்ல. நாலு இஞ்ச் நுனியை வெட்டி, கீழ் இலைகளை எடுத்துட்டு, நிழல்ல ஒரு நாள் வெட்டு வாயைக் காய விட்டு நட்டா, ரெண்டு மூணு வாரத்துல வேர் பிடிச்சுடும். பக்கத்து ஃபிளாட் ஆன்ட்டிக்கும் ஒரு துண்டு கொடுங்க.

சரி, பயன்பாடு. நம்ம சமையலறையில் துளசிக்குப் பெரிய வேலை இல்ல. பெருமாள் கோயில் தீர்த்தம், டீ, கஷாயம், அவ்வளவுதான். ஆனா தாய்லாந்தில் இதே துளசியை மிளகாய், பூண்டு, இறைச்சியோட வதக்குறாங்க. பட் கப்ராவ்னு மெனுவில் பார்த்திருப்பீங்க, அதில் வர்ற கப்ராவ் நம்ம துளசிதான். வாசனை சூட்டில் பறந்துடும், அதனால கடைசியில் சேர்க்கணும்.

கற்பூரவல்லி நேர் எதிர், அது முழுக்க சமையல்கட்டு இலை. கடலை மாவில் முக்கி பஜ்ஜி, துவையல், ரசம். கர்நாடகத்தில் இதைத் தொட்டபத்ரெனு சொல்வாங்க, வதக்கி, தேங்காயோட அரைச்சு, மோரில் கலந்து தம்புளி செய்வாங்க. இந்தோனேசியாவின் வட சுமாத்ராவில் படாக் மக்கள், குழந்தை பெற்ற தாய்க்கு இந்த இலையில் சூப் வெச்சுக் கொடுப்பாங்க. கரீபியன் தீவுகளில் இறைச்சிக்கு மசாலா இலை. முதல் தடவை சமைக்கறவங்க மூணு நாலு இலையோட நிறுத்துங்க, வாசனை தூக்கலா இருக்கும்.

கடைசியா, எங்க நிறுத்தணும். தொண்டை கரகரப்புக்குத் துளசி டீ, சளி நேரத்துல ஓமவல்லி ரசம், இதமாத்தான் இருக்கும். ஆனா ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு எந்த இலைச் சாற்றோடும் தேன் கலந்து கொடுக்காதீங்க. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை பாக்டீரியா, குழந்தையின் தசைகளைச் செயலிழக்க வைக்கற அளவுக்கு ஆபத்தானது. பாட்டி அன்போட சொன்னாலும் இதில் உறுதியா நில்லுங்க. குழந்தைக்குக் கொதிக்கிற பாத்திரத்துல இலை போட்டு ஆவி பிடிக்க வைக்காதீங்க, சளியை விட வெந்நீர்க் காயம் கொடுமை. குழந்தை வேகமா மூச்சு விடுது, நெஞ்சு உள்ளே இழுக்குது, பால் குடிக்கலைன்னா, இலையைத் தேடாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

சர்க்கரை மாத்திரையோ, ரத்தம் உறையாம இருக்க மாத்திரையோ எடுக்கறவங்களும், கர்ப்பமா இருக்கறவங்களும் துளசிச் சாறு, துளசி கேப்சூல்னு தினமும் ஆரம்பிக்கும் முன்னாடி டாக்டர்கிட்ட கேளுங்க. வீட்டுல நாயோ பூனையோ இருந்தா கற்பூரவல்லியை எட்டாத உயரத்துல வைங்க, தின்னா வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். நர்சரியில் வாங்கின செடியில் என்ன மருந்து அடிச்சிருக்காங்கன்னு தெரியாது. சில வாரம் கழிச்சு, உங்க வீட்டுல புதுசா விட்ட இலையைப் பறிச்சுச் சாப்பிடுங்க.

ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம்னா எது? நல்ல வெயில் இருக்கு, தினமும் காலையில் வீட்டுல ஆள் இருக்குன்னா துளசி. பாதி நிழல், வார இறுதியில் ஊருக்குப் போற ஆள், நாலு பேர் சேர்ந்து இருக்கற வாடகை ஃபிளாட்னா, யோசிக்காம கற்பூரவல்லி. ரெண்டும் வெச்சா ரொம்ப சந்தோஷம். மக் ஒண்ணா இருக்கட்டும், விரல் மட்டும் ரெண்டு தொட்டியையும் தனித்தனியா கேட்கட்டும்.

அடுத்த வாரம் வேற ஒரு ஜோடியோட வர்றேன். அதுவரைக்கும் செடியையும் பாருங்க, உங்களையும் பாத்துக்கோங்க.