மட்டையைக் கழுவுவது ஒலியா, குமிழியா?

(தொலைக்காட்சி அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கோல்ஃப் மட்டையைக் கழுவுவதற்கும் ஓர் இயந்திரமா என்று பலருக்குச் சிரிப்பு வரலாம். ஒரு வாளித் தண்ணீரும் பழைய பல் துலக்கியும் போதாதா என்றும் கேட்கலாம். பெரும்பாலான நாள்களில் அதுவே போதும். ஆயினும் கோல்ஃப் மன்றங்களிலும் மட்டை பழுதுபார்க்கும் கடைகளிலும் அல்ட்ராசோனிக் தொட்டிகளைக் காண முடிகிறது. அதே வகைத் தொட்டி நகைக் கடையிலும் மூக்குக் கண்ணாடிக் கடையிலும் பல் மருத்துவரின் அறையிலும் உண்டு. இப்போது சிறிய அளவில் வீடுகளுக்கும் வந்துவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது, எதை அதில் இறக்கலாம், எதை இறக்கக்கூடாது என்பதை கோல்ஃப் ஆடாதவர்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அரை மில்லிமீட்டர் பள்ளம்

'அயர்ன்' எனப்படும் மட்டைகளின் முகப்பில் குறுக்காகப் பல கோடுகள் வெட்டப்பட்டிருக்கும். அவை அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. ஈரப் புல்லில் கிடக்கும் பந்தை அடிக்கும்போது மட்டைக்கும் பந்துக்கும் இடையில் புல்லும் நீரும் அகப்பட்டுக்கொள்கின்றன. அவை ஒதுங்குவதற்கு இடம் தருபவை இந்தப் பள்ளங்கள். கார் டயரின் பள்ளங்கள் மழைநீரை ஒதுக்குவதும் இப்படித்தான். நீர் ஒதுங்கினால்தான் உலோகம் பந்தைப் பற்றும். பந்து பின்னோக்கிச் சுழன்றபடி பறக்கும். விழுந்த இடத்தில் விரைவாக நிற்கும். பள்ளத்தில் மண் நிறைந்திருந்தால் சுழற்சி குறைந்து, பந்து குறி தாண்டி ஓடிவிடும்.

கோல்ஃப் விதிகளின்படி இப்பள்ளத்தின் ஆழம் 0.508 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, அகலம் 0.9 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 2010ஆம் ஆண்டிலிருந்து பள்ளத்தின் கொள்ளளவுக்கும் விளிம்பின் கூர்மைக்கும்கூடக் கட்டுப்பாடு உண்டு. மழைக்குப் பின் அப்பிய செம்மண் வெயிலில் காய்ந்து இறுகிவிட்டால், சிலர் ஆணியாலும் கத்தி முனையாலும் சுரண்டுவார்கள். அதனால் மண்ணோடு சேர்ந்து விளிம்பும் தேயும். சுரண்டாமல் மண்ணை எடுப்பதற்காகவே இந்தத் தொட்டி.

அதிரும் தொட்டி

வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி கொண்டது. இயந்திரத்தின் உள்ளே இருக்கும் மின்னணுச் சுற்று அதை ஏறத்தாழ 40,000 சுழற்சியாக மாற்றுகிறது. தொட்டியின் அடியில் பீங்கான் போன்ற சில வில்லைகள் ஒட்டப்பட்டிருக்கும். மின்னழுத்தம் மாறும்போதெல்லாம் அவை சற்றே விரிந்து சுருங்கும். படிகங்களுக்கும் மின்சாரத்துக்கும் உள்ள இந்த உறவை 1880ஆம் ஆண்டில் கண்டறிந்தவர்கள் ஷாக் கியூரி, பியர் கியூரி என்ற பிரெஞ்சுச் சகோதரர்கள். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டுபிடிக்க, பால் லாஞ்சவன் இதைக் கொண்டே நீருக்குள் ஒலி எழுப்பினார்.

மனிதக் காது வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். அதற்கு மேற்பட்டதே அல்ட்ராசோனிக் ஒலி. அப்படியானால் இயந்திரம் ஓடும்போது ஒரு சீறல் கேட்கிறதே, அது என்ன? அது பெரும்பாலும் தொட்டிக்குள் குமிழிகள் உடையும் ஓசை.

உண்மையில் கழுவுவது யார்?

ஒலி அலை நீரை மாறி மாறி இழுத்தும் அழுத்தியும் செல்கிறது. இழுக்கும் நொடிப்பொழுதில் நீர் ஆங்காங்கே பிளந்து நுண்ணிய குமிழிகள் தோன்றுகின்றன. அழுத்தும்போது அவை நசுங்கி உடைகின்றன. உலோகத்தை ஒட்டி உடையும் குமிழி எல்லாப் பக்கமும் சமமாக நசுங்குவதில்லை. அதன் ஒரு பக்கம் உள்வாங்கி, ஊசி போன்ற நீர்த்தாரை உலோகத்தை நோக்கிப் பாய்கிறது. அழுக்கைப் பெயர்ப்பது இத்தகைய தாக்குதல்தான். நீர் புகும் பள்ளத்தில் குமிழியும் தோன்றும் என்பதால், துலக்கியின் மயிர் எட்டாத மூலையிலிருந்தும் மண் வெளியேறுகிறது.

இதே குமிழிகள் கப்பல் பொறியாளர்களுக்கு நெடுங்காலம் தலைவலியாக இருந்தன. வேகமாகச் சுழலும் கப்பல் விசிறிகளின் உலோகத்தை அவை அரித்துக் குழியாக்கின. குமிழி உடையும்போது எவ்வளவு அழுத்தம் பிறக்கும் என்று 1917ஆம் ஆண்டில் ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். ஆக, கழுவும் ஆற்றலும் அரிக்கும் ஆற்றலும் வேறு வேறல்ல. இதை நேயர்கள் எளிதில் சோதித்துப் பார்க்கலாம். சமையலறை அலுமினியத் தாள் ஒரு துண்டை ஓடும் தொட்டியில் ஒரு நிமிடம் தொங்கவிட்டால், அதில் புள்ளி புள்ளியாகத் துளைகள் விழும்.

செய்யும் முறை

வெதுவெதுப்பான நீரில் சிறிதளவு சோப்புத் திரவம் கலக்க வேண்டும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் நீர் எளிதாகப் பள்ளத்துக்குள் புகும். குழாய் நீரில் கரைந்துள்ள காற்று குமிழியின் தாக்குதலுக்கு மெத்தை போலாகிவிடும். அதனால் மட்டையை இறக்குமுன் தொட்டியைச் சில நிமிடம் வெறுமனே ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். பிறகு மட்டையின் தலை மட்டும் நனையும்படி, தொட்டியின் அடியில் படாமல் நிறுத்த வேண்டும். கைப்பிடி வெளியே இருக்கட்டும். சில நிமிடம் போதும். எடுத்தவுடன் நல்ல நீரில் அலசி, ஈரமின்றித் துடைக்காவிட்டால் எஃகில் துரு ஏறும்.

கொதிக்கும் நீர் கூடாது. தலையையும் தண்டையும் இணைக்கும் பசை மிகுந்த சூட்டில் தளரும். பெட்ரோல், ஆல்கஹால் போன்ற தீப்பற்றும் திரவங்களைத் தொட்டியில் ஊற்றவே கூடாது. இயந்திரம் ஓடும்போது நீருக்குள் கைவிடுவதும் ஆபத்து.

எதை இறக்கக்கூடாது?

பழைய மரத்தலை மட்டைகள், பெயிண்ட் உரியத் தொடங்கியவை, விரிசல் கண்டவை ஆகியவற்றைக் கையால் துடைப்பதே நலம். தேய்ந்த பள்ளத்தை இந்த இயந்திரம் புதுப்பிக்காது; ஆழமான கீறலையும் போக்காது. கிருமிகளை முற்றாக அழிக்கும் என்றும் நம்பக்கூடாது. பல் மருத்துவர்கள் கருவிகளை இதில் கழுவிய பின்னரே நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கம் செய்கிறார்கள்.

வீட்டில் சிறு தொட்டி வாங்கியவர்கள் நகை விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கல் பதிக்காத தங்கச் சங்கிலியை இறக்கலாம். முத்து, பவளம், ஓபல் ஆகியவற்றை இறக்கக்கூடாது. மரகதத்தின் உள்வெடிப்புகளைப் பெரும்பாலும் எண்ணெய் கொண்டு நிரப்பியிருப்பார்கள். அந்த எண்ணெய் வெளியேறினால் கல்லின் பொலிவு போய்விடும். தளர்ந்த பிடியில் இருக்கும் எந்தக் கல்லும் கழன்று விழக்கூடும். பாட்டி காலத்துப் பதக்கத்தைத் தொட்டியில் இறக்குமுன், அதில் என்ன கல் இருக்கிறது, பிடி உறுதியாக இருக்கிறதா என்று பொற்கொல்லரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கழுவி முடித்த பின் கலங்கிய நீரை உடனே கொட்டிவிடாமல், அடியில் ஏதேனும் கல் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொட்டுங்கள்.