ஏலக் குரலில் ஈகை



விசைத்தறித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்திற்காக, இப்பத்தாம் ஆண்டில் நம் கவிஞர்களின் கையெழுத்துப் படிகளை ஏலம் விடலாம் என்று செயலர் அறிவித்தபோது, சிலர் முகம் சுளித்ததைக் கண்டேன். "கவிதையைக் கூவி விற்பதா, அம்மா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் என்னிடமே வினவினார். அவ்வினாவோடுதான் இங்கு நிற்கிறேன்.

ஏலம் என்னும் சொல்லே நம்முடையதன்று. சாவி, சன்னல், அலமாரி ஆகியவற்றோடு போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. (போடியில் ஏலக்காயை ஏலம் விடுகிறார்களே, அங்கே காய் நம்முடையது, கூவல் அவர்களுடையது!) ஆயினும் அறத்தின் பொருட்டு ஏலம் கூறுவதை நெல்லைச் சீமை தனதாக்கிக்கொண்டது. நம் பக்கத்துத் தேவாலயங்களின் அறுப்பின் பண்டிகையைக் கண்டவர்கள் அறிவர். கோழி, முட்டை, வாழைத்தார், பூசணிக்காய் என அவரவர் வீட்டிலும் வயலிலும் விளைந்தவை படைக்கப்பட்டு, ஏலத்திற்கு வரும். சந்தை விலையினும் பன்மடங்கு ஏறும். எடுத்தவரே திரும்பக் கொடுத்துவிட, அதே காய் மீண்டும் ஏலம் ஏறுவதும் உண்டு. அங்கே விலைபோவது காயன்று என்பது எல்லார்க்கும் தெரியும்.

இக்கலையை நன்கு அறிந்தவர் காந்தியடிகள். 1933 நவம்பரில் தொடங்கிய தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்தில் ஏறத்தாழ 12,500 மைல் சென்று எட்டு இலட்சம் ரூபாய் திரட்டினார். 1934 சனவரியில் நம் நெல்லை மாவட்டத்திற்கும் வந்தார். தமக்கு வாசித்தளித்த வரவேற்பு மடல்களை மேடையிலேயே ஏலம் விட்டார். தம் கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் விலை வைத்தார். புகழுரையைப் பணமாக்கி எளியோர்க்கு வழங்கியவர் முன்னே, 'கவிதையை விற்பதா' என்னும் நம் கூச்சம் சற்றுச் சிறுத்துவிடுகிறது. அதே சனவரியில் வடகரையில் கௌமுதி என்னும் பதினாறு வயதுப் பெண், வளையல், கழுத்தணி, காதணி எனத் தன் நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள். பெற்றோரின் இசைவு உண்டா என்று அடிகள் கேட்டார். ஈடாக வேறு நகை கேட்கலாகாது என்ற நிபந்தனையையும் உணர்த்தினார். அந்நிகழ்வைத் தம் 'அரிசன்' இதழிலும் எழுதினார். வாங்குவதில் அவருக்கிருந்த கண்டிப்பை நாம் கருத வேண்டும்.

இனி, ஒரு கசப்பான நினைவு. சில ஆண்டுகளுக்கு முன் வேற்றூர் அமைப்பொன்றின் நிதி ஏலத்திற்குச் சென்றிருந்தேன். செல்வர் இருவர் போட்டியிட்டு ஒரு சால்வையை வானளவு உயர்த்தினர், கைதட்டல் அதிர்ந்தது. அடுத்து ஒரு முதிய கவிஞரின் கையெழுத்துப் படி வந்தது. "ஒரு தரம்... இரண்டு தரம்..." எவரும் வாய் திறக்கவில்லை. தொடக்க விலையைப் பாதியாக்கினர். அப்போதும் அமைதிதான். அம்முதியவர் முன்வரிசையில் அமர்ந்து தம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேயிருந்தார். நானும் கேட்கவில்லை, பையில் பணமிருந்தும் கூச்சத்தால் வாளாவிருந்தேன். பின்னர் அறிந்தேன், சால்வையின் தொகையும் வந்து சேரவில்லையாம்.

ஆகவே நம் ஏலத்திற்குச் சிலவற்றை வேண்டுகிறேன். தொடக்க விலைக்கு எடுக்க முன்வரும் ஒருவர் இல்லாமல் எந்தக் கவிஞரின் படியும் மேடை ஏறலாகாது. அதை முந்தைய நாளே உறுதிசெய்வது நம் கடமை. தொகை அங்கேயே செலுத்தப்பட வேண்டும். கடன் ஏலம் கூடாது. மண்டபம், ஒலிபெருக்கி, தேநீர்ச் செலவை உறுப்பினர் பங்கிட்டுக்கொண்டால் ஏலத்தொகை முழுதும் பிள்ளைகளுக்கே போகும். கணக்கை அன்றிரவே வாசித்துவிடலாம். உதவி பெறும் பிள்ளைகளை மட்டும் மேடையேற்ற வேண்டா. ஏலம் கூறுபவர் கவிஞராக இருக்க வேண்டியதில்லை; நகைச்சுவை தெரிந்தவராக இருந்தால் போதும். நம் பொருளாளரே பொருத்தமானவர் என்பது என் கருத்து. அவர் தலையசைக்கிறார்!

கவிதைகளுக்கு இடையிடையே காய்கனிகளும் வரட்டும். தறிக்காரர் ஒருவர் கத்தரிக்காய்க்கு ஐம்பது ரூபாய் கேட்கட்டும். அவருக்கும் அந்த அவையில் குரல் வேண்டுமல்லவா? என் வீட்டுக் கொல்லையில் விளைந்த பூசணிக்காய் ஒன்றை நான் தருகிறேன். அம்முதியவரின் படியையும் அவரிடமே கேட்டுப் பெற்று வந்துள்ளேன். அதற்கு முதற்கேள்வி என்னுடையது: ஐந்நூறு ரூபாய். இரண்டாம் கேள்வியை உங்களிடமிருந்து எதிர்பார்க்கிறேன்.