மணம் காக்கும் அறுவை



1907இல் இன்ஸ்புருக் நகரில் ஷ்லோஃபர் என்ற அறுவை மருத்துவர் மூக்கைத் திறந்து பிட்யூட்டரிக் கட்டியை எட்டினார். 1990களில் எண்டோஸ்கோப் அந்த வழியை எளிதாக்கியது. பார்வை மீண்டதா, ஹார்மோன் சீரானதா, மூளைத் தண்டுவட நீர் கசிகிறதா என்று பார்த்தே நூறாண்டு போய்விட்டது. வாசனை தெரிகிறதா என்ற கேள்வி கடைசியில்தான் வந்தது.

ஆலை வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் வாழும் பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் அந்தக் கேள்வியை முதலில் வைக்க விரும்புகிறேன். ஊதுபத்திக்குப் பேர்போன நகரம் இது. பத்தி உருட்டும் பெண்ணுக்கும், பூக் கட்டுபவருக்கும், சமையல் மாஸ்டருக்கும் மூக்குதான் சோறு போடுகிறது. கேஸ் கசிவதையும் பால் திரிந்ததையும் அதுதான் சொல்கிறது. கட்டி போனது, உயிர் பிழைத்தது, வாசனை போனால் என்ன என்று அவர்களிடம் யாரும் சொல்லக் கூடாது.

நடு டர்பினேட்டை மெல்ல ஒதுக்கி, எண்டோஸ்கோப்பை மேலே திருப்பினால் ஒரு குறுகிய இடுக்கு தெரியும். ஒரு பக்கம் மூக்கு நடுச்சுவரின் மேலோரம், எதிரே மேல் டர்பினேட்டின் உள்முகம். அங்குள்ள சவ்வில் லேசான மஞ்சள் சாயல். அதிலிருந்துதான் மண நரம்பிழைகள் சல்லடை எலும்பின் துளைகள் வழியே மூளைக்குள் போகின்றன. அந்த இடத்தை உரசாமல் போவதே நம் கைத்திறன்.

2006இல் ஹதாதும் பஸ்ஸகஸ்தேகியும் தம் குழுவினரோடு வெளியிட்ட நடுச்சுவர்ச் சவ்வு மடல், மூளைத் தண்டுவட நீர்க் கசிவை அடைப்பதில் பெரும் வரம். ஆனால் அதன் மேல்வெட்டு உயர்ந்துவிட்டால் மண நரம்பும் சேர்ந்து போய்விடும். மூக்கின் கூரையிலிருந்து ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். எல்லா நோயாளிக்கும் முதலிலேயே முழு மடல் எடுப்பதை நான் ஏற்கவில்லை. இரத்தக்குழாய் உள்ள காம்பை மட்டும் கீழே ஒதுக்கி வைத்துக்கொண்டு, கசிவு பெரிதானால் மீதியை எடுக்கலாம். மேல்வெட்டில் மின்சூட்டைத் தவிர்த்து, கத்தியையே பிடிக்கச் சொல்வேன்.

அறுவைக்குப் பின், பொருக்கும் வீக்கமும் இருக்கும் முதல் வாரங்களில் வாசனை மங்குவது இயல்பு. பலருக்குச் சில மாதங்களில் திரும்பிவிடுகிறது. உப்புநீர்க் கழுவலை விடக் கூடாது. தாமதமானால் முகர்பயிற்சி உண்டு. டிரெஸ்டனில் ஹும்மல் 2009இல் வெளியிட்ட முறையில் ரோஜா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் காலையும் மாலையும் 12 வாரம் முகர வேண்டும்.

ஆனால் அறுவைக்கு முன்பே சோதித்து எழுதிவைக்காவிட்டால், போனது கட்டியாலா, கத்தியாலா, கொரோனாவாலா என்று பின்னால் யார் சொல்வது? 1984இல் அமெரிக்காவில் வந்த 40 வாசனைச் சோதனையில் ரூட் பியர் போன்ற, நம்மவர் அறியாத வாசனைகள் இருக்கின்றன. பெருங்காயத்தையும் மல்லிகையையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பாட்டி அதில் தோற்றுப்போவார். நம் வீட்டு வாசனைகளால் ஆன சோதனை ஒன்றை, நம்மவர்களிடம் தரப்படுத்தி, நாம்தான் செய்தாக வேண்டும்.

இன்று கட்டுரை வாசிப்போர் ஒவ்வொருவரும், தம் நோயாளிகளுக்கு மணச் சோதனையை எப்போது செய்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைத் தொடங்க வேண்டும். முதல் அமர்வுக்கு வருவோம்.