மலை வெயிலும் லூபஸும்

(கொடைக்கானலில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் என்னைக் காற்றாலை பற்றிப் பேசச் சொன்னார். அதற்கு என்னைவிடப் பெரிய ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். கொடைக்கானலில்தான் கூடுகிறோம் என்றதும், என் வீட்டில் 2017 முதல் குடியிருக்கும் லூபஸ் என்ற நோயைப் பற்றிப் பேச அனுமதி வாங்கிக்கொண்டேன். நான் டாக்டர் அல்ல, இன்ஜினியர். நோயாளியின் கணவன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்குச் சொந்த ஊர் இங்கே பக்கத்தில் பூம்பாறை. முதலில் காலையில் எழுந்தால் விரல் மடங்காது என்றாள். பிறகு இரண்டு கன்னமும் மூக்குத் தண்டும் சிவந்து தடித்தன. பனிக்காற்று என்றார்கள். மூட்டு வலிக்கு வெயில் நல்லது என்று என் மாமியார் பூண்டு வயல் வரப்பில் காலை முழுக்க உட்கார வைத்தார். மலைக்காரர்களுக்கு வெயில் காய்வதுதான் முதல் வைத்தியம். பாவம், பிரியமாகச் செய்ததுதான். கொஞ்ச நாளில் காய்ச்சல், கால் வீக்கம், சிறுநீரில் புரதம். மதுரையில் ரத்தத்தையும் சிறுநீரகத் திசுவையும் பரிசோதித்துப் பெயர் சொன்னார்கள்.

இது தொற்று நோய் அல்ல. கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, நம் சொந்த செல்லின் உட்கருவையே எதிரி என்று நினைத்து அடிக்கிறது. காவலுக்கு வைத்த ஆள் வீட்டுக்காரனை அடிக்கிற கதை. தோல், மூட்டு, சிறுநீரகம், ரத்தம், எங்கே வேண்டுமானாலும் அடி விழலாம். பத்து நோயாளிகளில் ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் 15 முதல் 45 வயதுக்குள். தங்கைகள் கவனிக்கவும்.

வெயில் ஏன் ஆகாது? புற ஊதாக் கதிர் பட்டால் தோல் செல்கள் சாகின்றன. உள்ளே இருந்த உட்கருப் பொருள் வெளியே கொட்டுகிறது. காவல்காரனுக்கு அதுவே போதும். தோலில் தொடங்கிய சண்டை சிறுநீரகம் வரை போய்விடும்.

நாளை நாம் பார்க்கப்போகும் வானாய்வகத்தில்தான் 1909-ல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். சூரியனைப் பார்க்கிறவர்களுக்கு வசதியான மெல்லிய காற்று லூபஸ்காரர்களுக்கு வசதியில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி இறங்கும், புற ஊதாக் கதிரோ சுமார் பத்து சதவீதம் ஏறும். நாம் இருப்பது 2,100 மீட்டரில். உடம்பு குளிரைத்தான் உணரும், கதிரை உணராது. மெல்லிய மேகமும் அதைப் பெரிதாகத் தடுக்காது. ஆகவே மஞ்சு மூடிய நாளிலும் என் மனைவிக்கு முழுக்கை, அகலத் தொப்பி, முகத்தில் கிரீம். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடையாது. கண்ணாடி ஒரு பகுதிக் கதிரை விட்டுவிடும்.

குளிர் இன்னொரு தொல்லை. விரல் நுனி ரத்தக்குழாய்கள் சுருங்கி வெள்ளையாகும், நீலமாகும். கையுறை போட்டுக்கொண்டு சப்பாத்தி தேய்க்கிறாள் என்று ஊரில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மருந்தில் முதுகெலும்பு ஹைட்ராக்சிகுளோரோகுயின், பழைய மலேரியா மாத்திரையின் உறவு. மெதுவாக வேலை செய்யும், தினமும் போட வேண்டும். கண்ணை மட்டும் காலா காலத்தில் பரிசோதிக்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு இது ஆகும் என்று பேச்சு கிளம்பியதும் ஊரே வாங்கிப் பதுக்கியது. அரசு சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்றது. அதற்குள் கடைகள் காலி. எங்களிடம் பதினோரு நாளைக்கு இருந்தது. நம் செட் நண்பர் ஒருவர் டாக்டர் சீட்டைப் போனில் வாங்கி, பெரியகுளம் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கி நாற்பது மாத்திரை தேற்றினார். வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு இறக்கித் திரும்பிய வண்டியில் அது மலையேறி வந்தது. அவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார், பெயர் சொன்னால் கோபிப்பார். அந்த ஜூனில் இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு, கொரோனாவுக்கு அதனால் பலனில்லை என்று சொல்லிவிட்டது.

சரி, நல்லாத்தானே இருக்கோம் என்று மாத்திரையை நிறுத்தக்கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென்று விடவே கூடாது, ஆபத்து. சிறுநீர்ப் பரிசோதனை தவறக்கூடாது. புரதம் போவது வலிக்காது. கல்யாணம், குழந்தை எல்லாம் உண்டு. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும், சில மாத்திரைகளை முன்கூட்டியே மாற்ற வேண்டும். எங்கள் மகளுக்கு இப்போது மூன்று வயது.

எனக்குக் கோபம் வருவது ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான்: "பார்க்க நல்லாத்தானே இருக்கே?" இந்த நோயின் களைப்பு வெளியே தெரியாது. தூங்கி எழுந்தாலும் போகாது. உங்கள் ஹாஸ்டலில், ஆபீஸில் ஒருத்தி அடிக்கடி லீவு போட்டால், சோம்பேறி என்று சொல்லுமுன் அவளை மூட்டு வலி இருக்கா, வெயில் பட்டால் முகம் சிவக்குதா என்று கேட்டுப் பாருங்கள்.

என் மனைவியும் வந்திருக்கிறாள். சந்தேகம் இருந்தால் டீ நேரத்தில் அவளிடமே கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வாள். நாற்காலியை மட்டும் நிழலில் போடுங்கள்.