கோல் அடிக்க வந்தவர்

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இந்த மேடையிலே திருமுறையும் சித்தாந்தமும் பேசப்படுவதே வழக்கம். நாங்களோ உதைபந்தாட்டம் பேச வந்து நிற்கிறோம். பொருளைச் சொன்னபோது செயலாளர் அவர்கள் சற்றே தயங்கினார். “முன்வரிசையிலே பெரியவர்கள் இருப்பார்களே” என்றார். “நாங்களும் முன்வரிசையைப் பற்றித்தான் பேசப் போகிறோம்” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம்.

கண்டி மாநகர் றகர் ஆட்டத்துக்குப் பெயர்போன ஊர். நித்தவெலை மைதானத்திலே கண்டி விளையாட்டுக் கழகம் ஆடும் நாளில் கட்டுகஸ்தோட்டை வீதியிலே பஸ் வண்டி நகராது. உதைபந்துக்கு அந்த மரியாதை கிடையாது. அது வாழ்வது கம்பளை, நாவலப்பிட்டி முதலிய ஊர்களிலும், தேயிலைத் தோட்டங்களில் லயங்களுக்குப் பக்கத்தே கிடக்கும் சரிவான தரைகளிலும். அத்தரைகளிலே மேற்புறக் கோல் கம்பத்தடியில் நின்றால் கீழ்ப்புறக் கோல் காப்பாளரின் தலைதான் தெரியும். பாதி நேரம் மலை ஏறி ஆடவேண்டும். மீதி நேரம் உருண்டோடும் பந்தைத் தேடி ஆற்றங்கரைக்கு ஓடவேண்டும்.

அப்படிப்பட்ட நாவலப்பிட்டியின் கழகந்தான் அப் கன்ட்ரி லயன்ஸ். 2021ஆம் ஆண்டிலே, நாட்டின் முதலாவது தொழின்முறைக் கழகப் போட்டி என்ற பெயரோடு பத்துக் கழகங்களைக் கொண்டு சூப்பர் லீக் ஆரம்பமாயிற்று. அந்தப் பத்திலே நமது மலைநாட்டுக் கழகமும் ஒன்று. அதற்கு ஆட வந்தவர் அகமட் வசீம் ராசிக். இலங்கைக் குடும்பத்தவர், பிறந்ததோ 1994இல், பெர்லின் நகரிலே. யூனியன் பெர்லின் கழகத்திலே ஆட்டம் பயின்று, மாக்டெபர்க் கழகத்துக்காக ஜெர்மனியின் மூன்றாம் பிரிவிலே ஆடியவர். முன்வரிசை ஆட்டக்காரர்.

செய்தி பரவியதும் ஊரிலே எழுந்த தீர்ப்புக்களைச் சொல்லவேண்டும். நாங்கள் அப்போது உயர்தர வகுப்பு மாணவர். எங்களில் ஒரு சாரார், அவர் ஒரு பந்தைத் தொடுமுன்னரே அவரைத் தெய்வமாக்கிவிட்டோம். ஜெர்மனி என்ற ஒரு சொல்லே போதுமானதாயிருந்தது. கையடக்கத் தொலைபேசியிலே அரை நிமிடக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, இனி எல்லாக் கிண்ணமும் நமக்கே என்று முடிவு கட்டினோம். அரை நிமிடக் காட்சியிலே எந்த ஆட்டக்காரரும் பந்தைப் பறிகொடுப்பதில்லை என்பது அன்று எங்களுக்கு உறைக்கவில்லை.

மற்றச் சாரார் பெரியவர்கள். நாவலப்பிட்டியிலே தேநீர்க் கடை நடத்தும் ஐயா ஒருவர், நெடுநாள் மத்தியஸ்தராக ஊதுகுழல் ஊதியவர், எங்களை இருத்தி வைத்துக் கேட்டார்: “தம்பிமாரே, ஜெர்மனியில் இடம் இருந்தால் இங்கே ஏன் வருகிறார்? சரி, வரட்டும். அவருக்காக வெளியே இருத்தப்படும் நம்மூர்ப் பிள்ளை யார் என்று யாராவது கேட்டீர்களா?” இந்த இரண்டாவது கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. பதில் இல்லாதபடியால் சத்தம் போட்டோம்.

புதியவர் ஒருவரை அளப்பது எப்படி? நாங்கள் படித்த மிஷன் பாடசாலையிலே உதைபந்து பழக்கிய ஆசிரியர், போட்டி பார்க்கப் போகும்போது எங்களுக்கு ஒரு வேலை தருவார். பந்தைப் பார்க்கக்கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒரேயொரு ஆட்டக்காரரையே பார்க்கவேண்டும். பந்து அவர் காலில் இல்லாதபோது எங்கே ஓடுகிறார்? எதிரணிக் காவலாளி ஒருவரையாவது தம்மோடு இழுத்துக்கொண்டு போகிறாரா? பந்து போய்விட்டால் இடுப்பிலே கை வைத்து நிற்கிறாரா, திரும்பி ஓடுகிறாரா? தோழன் பிழையாக உதைத்தால் கையை விரித்துச் சபைக்குக் காட்டுகிறாரா? இவற்றைக் குறித்து வந்து ஒப்புவிக்கவேண்டும். கோல் கணக்கை அவர் கேட்பதேயில்லை. அதைப் பத்திரிகையிலே பார்க்கலாம் என்பார். அன்று எங்களுக்கு அது பெருந்தண்டனையாக இருந்தது. முக்கால்வாசிப் போட்டிகளில் கோல் விழும்போது நாங்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம்!

இந்த அளவுகோலைக் கைக்கொண்டு 2021ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்ப்போம். உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றிலே நமது நாட்டணி தன் குழுவில் முதல் ஐந்து ஆட்டங்களிலும் ஒரு கோல்தானும் அடிக்கவில்லை. தென் கொரியாவிடம் மாத்திரம் எட்டு வாங்கியிருந்தது. யூன் மாதம் 5ஆந் திகதி, தென் கொரியாவின் கோயாங் நகரிலே லெபனானுடன் ஆட்டம். நோய்த் தடுப்புக்காக நாடு அடைக்கப்பட்டிருந்த காலம் அது. நாங்கள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டிலே சிறு திரைக்கு முன் அடைந்து கிடந்தோம். ராசிக் முதற் கோலை அடித்தபோது பக்கத்து வீட்டிலிருந்தும் எதிர்வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கூச்சல் கேட்டது. அத்தனை நாள் அடைபட்ட வீதியிலே அன்றுதான் அடுத்த வீட்டார் உயிரோடிருப்பது தெரிந்தது. இலங்கை 3-2 என்று தோற்றது. அந்த இரண்டு கோலும் அவருடையவை. அடுத்த 9ஆந் திகதி தென் கொரியா நம்மை 5-0 என்று வென்றது. ஆக, அந்தக் குழுவில் ஆடிய ஏழு ஆட்டங்களிலும் இலங்கை அடித்தவை அந்த இரண்டே.

இதிலிருந்து தெய்வமாக்கியவர்களும் பாடம் படிக்கவேண்டும், சந்தேகித்தவர்களும் படிக்கவேண்டும். அடிக்கத் தெரிந்தவர் ஒருவர் வந்தால் அடிக்கமுடியாதிருந்த அணி அடிக்கிறது, இது கண்கூடு. நான்கு நாளின் பின் அதே அணிக்கு ஒரு கோலும் வாய்க்கவில்லை, இதுவும் கண்கூடு. நடுக்களத்திலிருந்து பந்து வரவேண்டும். உலையிலே அரிசி இல்லாதபோது அகப்பையைக் குறை சொல்லிப் பயனில்லை.

அவ்வாண்டு நவம்பரில் கொழும்பிலே நான்கு நாடுகளின் போட்டி நடந்தது. மாலைதீவுடன் ஆடிய ஆட்டம் 4-4 என்று முடிந்தது. நமது நான்கையும் ராசிக்கே அடித்தார். ஒருவர் நான்கு கோல் அடித்த ஆட்டத்தைக்கூட வெல்லமுடியாத அணி எப்படிப்பட்டது என்று அந்தத் தேநீர்க்கடை ஐயா கேட்டார். நாங்கள் கொண்டாடிக்கொண்டிருந்தபடியால் அவரைக் கவனிக்கவில்லை. இறுதியாட்டத்திலே சீசெல்சிடம் பெனால்டி உதைகளால் கிண்ணம் பறிபோன இரவிலே அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. 1995இல் கொழும்பிலே இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியக் கிண்ணம் எடுத்த அணியை அவர் பார்த்தவர். ஒரு கோல் அடித்துக் கிண்ணம் எடுத்தார்கள். நாம் நான்கு அடித்தும் எடுக்கவில்லை என்பது அவர் கணக்கு.

இனி, “வெளியார்” என்ற சொல்லுக்கு வருவோம். இந்தச் சபையிலே அதைக் கூறாமல் விடமுடியாது. 1936இல் கல்கத்தா முகமதியன் ஸ்போட்டிங் கழகத்து முகமது சலீம், ஸ்கொத்லாந்தின் செல்டிக் கழகத்துக்கு ஆடப் போனார். பாதணி இல்லை, காலிலே கட்டுத்துணி சுற்றிக்கொண்டு இறங்கினார். பார்க்க வந்தவர்கள் முதலில் அந்தக் காலைத்தான் பார்த்திருப்பார்கள். பந்து அக்காலைச் சேர்ந்த பின்னர் துணியைப் பற்றிய பேச்சு நின்றது. இரண்டே ஆட்டம் ஆடினார். வீட்டு நினைவு வாட்டவே கல்கத்தா திரும்பிவிட்டார்.

நமது கதை இன்னும் கிட்டியது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த மலையிலே பிறந்து இந்த மலையிலே கொழுந்து கிள்ளியவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டு அவர்களைப் பங்கு போட்டார்கள். மிஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கிய சட்டம் 2003இல்தான் வந்தது. இந்தச் சபையில் இருக்கும் பெரியோரிற் சிலர் அத்தாட்சிப் பத்திரத்தைப் பெட்டியின் அடியில் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பெர்லினில் பிறந்தவர் ஒருவர் இலங்கைச் சட்டையை அணிந்தவுடன் “நம்மவர்” என்று நாடே கைதட்டுவதைக் கண்டபோது, எங்கள் பாட்டனாரை நினைத்து மனம் சற்றுக் கசந்தது உண்மை. அதை மறைக்கவில்லை. எனினும் அந்தக் கசப்பை அவர்மேல் இறக்குவது நீதியாகுமா? “எங்கே பிறந்தாய்?” என்று கேட்கப்பட்டவனின் பேரன், இன்னொருவனை நோக்கி அதே கேள்வியைக் கேட்பதா? அவரை அவர் ஆட்டத்தால் அளப்போம். அதிலே கறாராகவே அளப்போம்.

ஐயாவின் கேள்வியை மாத்திரம் விட்டுவிட முடியவில்லை. வெளியே இருத்தப்பட்ட நம்மூர்ப் பிள்ளை யார்? நாங்கள் சென்ற விடுமுறையிலே சில தோட்டங்களுக்குப் போய்ப் பார்த்தோம். ஓரிடத்திலே பதினான்கு வயதுப் பையன் ஒருவன், வெறுங்கால், சரிவிலே மேல்நோக்கிப் பந்தைக் கொண்டுபோகிறான். எங்கள் பழைய ஆசிரியர் சொன்னபடி பத்து நிமிடம் அவனையே பார்த்தோம். பந்து இல்லாதபோது ஓடுகிறான். பறிகொடுத்தால் திரும்பி வருகிறான். தோழன் பிழைவிட்டால் சிரிக்கிறான். இடதுகாலால் உதைக்கத் தெரியாது. “எந்த அணியில் ஆடுகிறாய்?” என்று கேட்டோம். “இந்த மேட்டிலேதான், அண்ணா” என்றான். ராசிக் வந்தபடியால் அவன் வெளியே இருத்தப்படவில்லை. அவனை ஒருவரும் உள்ளே அழைக்கவேயில்லை. பெர்லினிலே ஒரு பையனுக்கு எட்டு, ஒன்பது வயதிலேயே கழகம் ஒன்று கிடைக்கிறது. பயிற்றுநர் இருக்கிறார், சமதரை இருக்கிறது, வாரந்தோறும் போட்டி இருக்கிறது. முன்வரிசை ஆட்டக்காரர் அங்கிருந்து வருவதிலே வியப்பு ஒன்றுமில்லை.

ஆதலின் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். தைப்பொங்கல் விளையாட்டு விழாவிலே கயிறிழுத்தலுக்கும் சாக்கோட்டத்துக்கும் ஒதுக்கும் பணத்திற் சிறிது தந்தால், பதினைந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளுக்கு எழுவர் அணிப் போட்டி ஒன்றை நடத்தலாம். மத்தியஸ்தராக ஊதுவதற்குத் தேநீர்க்கடை ஐயா சம்மதித்துவிட்டார். கூலி வேண்டாம், பஸ் செலவு மாத்திரம் போதும் என்கிறார். நாவலப்பிட்டியிலிருந்தும் கம்பளையிலிருந்தும் பிள்ளைகளை அழைத்துவரும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம். மேட்டுப் பையனுக்கும் சொல்லியிருக்கிறோம். இடதுகாலால் பழகிக்கொண்டு வருவதாக வாக்குத் தந்திருக்கிறான். பந்து ஒன்று வாங்கவேண்டும். சங்கத்து அலுமாரியில் இருக்கும் பந்தை நேற்று எடுத்துப் பார்த்தோம். அதிலே காற்று நிற்பதில்லை.