அலிப்பூரில் நம் நூல்கள்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் காளிகட்டத்தையும் விக்டோரியா நினைவு மண்டபத்தையும் தவறாமல் காட்டுகிறோம். அலிப்பூரிலுள்ள தேசிய நூலகத்தைக் காட்டுவோர் நம்முள் எத்தனை பேர்?

அந்நூலகத்தின் வேர் 1836-இல் ஊன்றப்பட்டது. நகரத்து மக்களே பொருள் திரட்டி நிறுவிய கல்கத்தாப் பொது நூலகம் அது. 300 ரூபாய் செலுத்தியோர் அதன் உரிமையாளராயினர்; துவாரகநாத் தாகூர் அவர்களுள் முதல்வர். அந்நாளில் அது சிறு தொகையன்று. ஆயினும், ஏழை மாணாக்கர் குறித்த காலம்வரை கட்டணமின்றிப் படிக்க இடமளித்தனர். அந்த மனம் பெரிது. 1903-இல் கர்ஸான் பிரபு அதனை இம்பீரியல் நூலகத்துடன் இணைத்தார். 1948-இல் அது தேசிய நூலகமாயிற்று. 1953 பிப்ரவரி முதல் நாளன்று, வைசிராய்கள் தங்கிய பெல்வெடியர் மாளிகையில், மௌலானா ஆஸாத் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்து வைத்தார். இன்று அதே வளாகத்துப் பாஷா பவனில் நூல்கள் உள்ளன.

இதில் நமக்கென்ன என்பீர்கள். 1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியொன்றையும் பதிப்பாளர் தம் செலவிலேயே இங்கு அனுப்புதல் வேண்டும். எல்லாரும் அனுப்பிவிடுகின்றனர் என்று நாம் சாதிக்கவில்லை. எனினும் மயிலாப்பூரில் அச்சாகும் நாவலுக்கும் நெல்லையில் அச்சாகும் தலபுராணத்துக்கும் இங்கு இடமுண்டு. அவற்றுக்கெனத் தமிழ்ப் பிரிவே உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை அவர்கள் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்த நூல்களும் சுவடிகளும் இந்நூலகத்தையே வந்தடைந்தன. தமிழகத்து ஆராய்ச்சியாளர் ஆயிரம் கல் கடந்து தேடிவரத்தக்க செல்வம், நமக்கோ நம் நகரிலேயே!

நம் பிள்ளைகளின் நிலையென்ன? வங்காளம் தண்ணீர்பட்ட பாடு. ஞாயிறு வகுப்பில் எழுத்துக்கூட்டிக் கற்ற தமிழோ, கல்லூரி புகுந்ததும் கைநழுவுகிறது. பாட்டியின் கடிதத்தைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்கின்றனர். பாடநூலுக்கப்பால் படிக்கத்தக்க நூல் கிடைக்கவில்லை என்பது அவர்கள் கூறும் காரணம். மதுரையிலிருந்து கூறினும் ஏற்போம், இந்நகரிலிருந்து கூறலாமா?

ஆகவே, கல்லூரியில் பயிலும் நம் இளைஞர்களை அழைத்துச் சென்று வாசகர் அனுமதிச் சீட்டுப் பெற்றுத்தரச் செயற்குழு எண்ணியுள்ளது. பிள்ளைகளை அனுப்ப விரும்பும் குடும்பத்தார், விருந்துக்கு அமருமுன் செயலாளரிடம் பெயர் கொடுப்பார்களாக.